பால்குடிப் பிள்ளைக்கும் பங்கு உண்டு
குழந்தை வறுமையும் உதவித் திட்டங்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை



ஆண்டறிக்கை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். ஒரு போர்க்களத்தையோ, ஒரு பேரறிஞரின் வாழ்வையோ எடுத்து எழுதுவது நம் வழக்கம். இவ்வாண்டு வேறொன்றை எழுத விரும்பினேன். பசித்த பிள்ளைகளுக்காகச் சமுதாயமும் அரசும் வகுத்த உதவித் திட்டங்களின் வரலாறு அது. அந்த வரலாற்றில் பெரும்பகுதி நம் சென்னையிலும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் நடந்திருக்கிறது. அதன் ஒரு சிறு பகுதி நம் மஹல்லாவின் பதிவேட்டிலும் இருக்கிறது.

இரண்டு இரவுகள்

ஹிஜ்ரீ 13 முதல் 23 வரை (கி.பி. 634 – 644) ஆட்சி புரிந்த கலீஃபா உமர் (ரழி) அவர்கள் இரவில் நகர்வலம் சென்ற செய்திகளை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவற்றுள் ஒன்று எல்லோரும் அறிந்தது. மதீனாவுக்கு வெளியே ஒரு தாய் வெறும் தண்ணீரை அடுப்பில் ஏற்றி, உணவு வேகிறது என்று சொல்லிப் பசித்த பிள்ளைகளை உறங்க வைக்க முயன்றுகொண்டிருந்தார். அதைக் கண்ட கலீஃபா, பைத்துல்மாலிலிருந்து மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்து, தாமே அடுப்பூதிச் சமைத்துக் கொடுத்தார்கள்.

மற்றோர் இரவும் உண்டு. இப்னு ஸஅத் (ரஹ்) அவர்களின் 'தபகாத்' நூலில் அது பதிவாகியுள்ளது. வணிகக் கூட்டமொன்று மதீனாவுக்கு வந்து தொழுகைத் திடலில் தங்கியிருந்தது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கலீஃபா அக்கூட்டத்தாருக்குக் காவல் இருந்தார்கள். நள்ளிரவில் ஒரு குழந்தை அழும் குரல் கேட்டது. தாயிடம் சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை. மீண்டும் சென்று சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் மூன்றாம் முறையும் அழுகுரல் எழவே, இவள் நல்ல தாயல்லவே என்று கடிந்துகொண்டார்கள். கேட்பவர் யாரென்று அறியாத அத்தாய் உண்மையைச் சொன்னார். உமர், பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை தருகிறார்; அதனால் இந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே பாலை மறக்கடிக்க முயல்கிறேன்; அவனோ மறுக்கிறான். பிள்ளைக்கு வயது சில மாதங்களே ஆகியிருந்தன.

அன்று ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா ஓதியது, அழுகையின் மிகுதியால் பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. தம்முடைய விதியால் எத்தனை பிள்ளைகள் மடிந்தனவோ என்று தொழுகைக்குப் பின் வருந்தினார்கள். பிறகு, உதவித்தொகைக்காகப் பால்குடியை அவசரமாக மறக்கடிக்க வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பங்கு உண்டு என்று ஊரெங்கும் அறிவிக்கச் செய்து, அவ்வாறே மாகாணங்களுக்கும் எழுதினார்கள். பெற்றோர் இன்னாரென்று அறியப்படாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் பைத்துல்மாலிலிருந்து பங்கு ஒதுக்கப்பட்ட செய்தி வரலாற்றில் உள்ளது.

இவ்விரு இரவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதல் இரவில் கலீஃபா ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்த்தார்கள். அது தர்மம். இரண்டாம் இரவில் அவர்கள் திருத்தியது ஒரு விதியை. நல்ல நோக்கத்தோடுதான் அந்த விதி வகுக்கப்பட்டிருந்தது. பைத்துல்மாலின் பணம் முறையாகப் பங்கிடப்பட வேண்டும் என்பதற்காக ஓர் எல்லைக்கோடு போடப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கோடே பால்குடிப் பிள்ளையைப் பட்டினி போட்டது. உதவி எங்கே தொடங்குகிறது, யாரிடம் போய் நின்றுவிடுகிறது என்பதைப் பொறுத்தே ஏழைப் பிள்ளையின் வாழ்வு அமைகிறது. தமிழகத்தின் வரலாறும் இதையே சொல்கிறது.

ஆயிரம்விளக்கில் ஓர் அணா

பள்ளிவாசலின் பெயராலேயே அழைக்கப்படும் ஆயிரம்விளக்குப் பகுதியில் சென்னை மாநகராட்சி ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவதைக் கண்ட மாநகராட்சி மன்றம், பிட்டி தியாகராயர் தலைமையில், 1920 செப்டம்பரில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுப் பகல் சிற்றுண்டி வழங்குவது என்பதே அத்தீர்மானம். ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பின்னர் மேலும் சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இது விரிந்தது.

ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அன்றைய அரசு ஏற்கவில்லை. 1925 இல் சிற்றுண்டி நின்றது. 1927 இல் மீண்டும் தொடங்கியபோது, 25 பள்ளிகளில் ஏழைகள் எனத் தெரிவு செய்யப்பட்ட ஆயிரம் பிள்ளைகளுக்கு மட்டுமே கிடைத்தது. கல்விக்கு ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாமா என்ற கேள்விதான் பிள்ளைகளின் தட்டை எடுத்துவிட்டது. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை ஏட்டில் எழுதும் கணக்கு அறியவில்லை.

ஆவடியும் அதன் மறு ஆண்டும்

நம் ஆவடியின் பெயர் இந்திய வரலாற்றில் இடம்பெற்றது 1955 ஜனவரியில். அன்று இங்கு கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் காமராசர். பிரதமர் நேரு முதலான தலைவர்கள் ஆவடிக்கு வந்திருந்தார்கள். மேடையில் நிறைவேறும் தீர்மானங்கள் பல, பந்தலைப் பிரிப்பதோடு முடிந்துவிடுவதுண்டு. ஆவடித் தீர்மானத்தின் பொருள் என்னவென்று ஏழைப் பிள்ளைகளுக்கு உணர்த்தியது, அதற்கு மறு ஆண்டு வந்த மதிய உணவுத் திட்டமே எனலாம்.

1956 இல் காமராசர் அரசு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களை அதற்குத் திரட்டினார். செலவின் பெரும்பங்கை அரசு ஏற்றது. எஞ்சியதை ஊரார் நெல்லாகவும் காய்கறியாகவும் பணமாகவும் தந்தனர். 1958 இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஊரே தன் பள்ளிக்குத் தேவையானதைத் தருவதாக வாக்களிக்கும் அம்மாநாடுகளில் முதலாவது நடைபெற்ற இடம், திருவள்ளூரைத் தாண்டிய நம் கடம்பத்தூர். அந்த ஊர் இன்று நம்மில் பலருக்கு அரக்கோணம் ரயிலின் ஒரு நிறுத்தமாக மட்டுமே தெரியும்.

இத்திட்டத்தால் பல்லாயிரம் பிள்ளைகள் பள்ளிப்படி ஏறினார்கள். எனினும் ஒரு குறை இருந்தது. ஊரார் கொடையை நம்பியிருந்ததால், கொடுக்கும் மனமும் வசதியும் உள்ள ஊரில் உலை கொதித்தது. மிக ஏழையான ஊரில், அதாவது பசி மிகுந்த ஊரில், உணவு தடைப்படும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால்பொடி, எண்ணெய் போன்றவற்றைத் தந்து துணை நின்றது. தர்மம் பெரிது; அதில் ஐயமில்லை. ஆனால் தர்மத்தை மட்டும் நம்பினால், பிள்ளையின் உணவு, கொடுப்பவரின் கைவளத்தைப் பொறுத்ததாகிவிடும்.

1982: எல்லைக்கோடு நகர்ந்தது

1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் ஊரகத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், 2 வயது நிறைந்த பாலர்களுக்கும் என்று வகுக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15 இல் நகர்ப்புறங்களுக்கும், 1984 செப்டம்பர் 15 இல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நாள்தோறும் உண்டார்கள்.

இவ்வளவு செலவு தாங்குமா, இது வாக்குக்காகச் செய்வதல்லவா என்று கற்றறிந்தோர் பலர் அன்று எதிர்த்தார்கள். ஆனால் முன்னைய திட்டத்தின் குறையை இது நீக்கியது. கொடையாளரைத் தேட வேண்டியதில்லை. அரசே தன் வரிப்பணத்தில் பொறுப்பேற்றது. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆட்களை நியமித்தபோது, கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஆக, ஒரே உலையில் பிள்ளைக்குச் சோறும் விதவைத் தாய்க்கு வருவாயும் சேர்ந்து வெந்தன.

அதன்பின் வந்த ஆட்சிகள், கட்சி வேறுபாடு இருந்தும், இத்திட்டத்தைக் கைவிடாமல் வளர்த்தது தமிழகத்தின் நற்பேறு. 1989 இல் கலைஞர் அரசு பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது. அது வாரம் ஒன்றாகி, பிறகு இரண்டாகி, மூன்றாகி, 2010 இல் பள்ளி நடக்கும் நாளெல்லாம் முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டபோது, தமிழகத்தில் அது இருபது ஆண்டுப் பழக்கமாகியிருந்தது.

பலன் என்ன என்று கேட்பார்களுக்கு ஆய்வுகள் விடை தருகின்றன. வறட்சியால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், பள்ளி மதிய உணவு கிடைத்த பின் இழந்த வளர்ச்சியைப் பெருமளவு ஈடுசெய்ததை ஆந்திராவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 2021 இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு உண்ட பெண்கள் பின்னாளில் தாயானபோது, அவர்கள் பெற்ற பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைந்திருந்ததாக நாடளாவிய தரவுகளைக் கொண்டு அது கூறுகிறது. இன்று ஒரு சிறுமிக்கு இடும் சோறு, இன்னும் பிறவாத பேரப்பிள்ளை வரை சென்று சேர்கிறது!

பள்ளிக்கு வராத பிள்ளை

ஆனால் பள்ளிச் சோறு பள்ளிக்கு வந்த பிள்ளைக்கே கிடைக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை எங்கே போகும்? மதீனாவில் அழுத அந்தப் பால்குடிப் பிள்ளையின் கேள்வி மீண்டும் எழுந்தது. 1975 இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியும், 1980 இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழகத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் இதற்கு விடை தேடின. பின்னதில், 6 மாதம் முதல் 3 வயது வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்தார்கள். கருவுற்ற ஏழைத் தாய்க்கு உதவ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேறு உதவித் திட்டம் வந்தது. அதன் தொகை 2006 இல் 6,000 ரூபாயாகவும் 2011 இல் 12,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

வீட்டு அடுப்புக்கு ரேஷன் கடை. 1997 இல் மத்திய அரசு மக்களை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்துப் பொருள் வழங்கச் சொன்னபோது, தமிழகம் அந்தக் கோட்டைப் போட மறுத்தது. எல்லோருக்கும் ரேஷன் என்ற கொள்கையைத் தொடர்ந்து கடைப்பிடித்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றியே வழங்கப்பட்டது. கோடு போட்டால் யார் விடுபடுவார்கள்? எழுத்தறியாதவர், வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருப்பவர், அலுவலகத்தில் பேசத் தெரியாத தாய். இவர்கள்தாம் உதவி மிகத் தேவைப்படுவோர்.

மேலை நாடுகளின் படிப்பினை

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. இங்கிலாந்தில் 1945 இல் சட்டமாகி, 1946 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடும்ப உதவித்தொகை, வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வீதம் தாயின் கையில் தரப்பட்டது. அதைத் தாயிடமே தரவேண்டும் என்று பல்லாண்டு போராடியவர் எலினோர் ராத்போன் என்ற அம்மையார். ஆனால் முதல் பிள்ளைக்கு அத்தொகை இல்லை. இரண்டாம் பிள்ளையிலிருந்தே கிடைத்தது. முதல் பிள்ளைக்கும் உண்டு என்று ஆக 1970களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2017 இல் ஏழைக் குடும்பங்களுக்கான வேறோர் உதவியை இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தினார்கள். மூன்றாம் பிள்ளை செய்த குற்றம் என்ன என்ற கேள்வி ஓயாமல் எழவே, 2026 ஏப்ரல் முதல் அந்த வரம்பை நீக்குவதென 2025 இல் அறிவித்தார்கள்.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்கே பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்குத் தரப்படும் வரிச்சலுகையில் ஒரு விந்தை இருந்தது. வருமானம் மிகக் குறைந்தவருக்கு அது முழுமையாகக் கிடைக்காது! 2021 ஆம் ஆண்டுக்கு மட்டும் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, தொகையையும் உயர்த்தி, அவ்வாண்டின் பிற்பாதியில் மாதந்தோறும் வழங்கினார்கள். அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, அரசின் உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலின்படி, 2020 இல் நூற்றுக்கு 9.7 ஆக இருந்த குழந்தை வறுமை 2021 இல் 5.2 ஆகக் குறைந்தது. ஏற்பாடு காலாவதியாகிப் பழைய கோடு திரும்பியதும், 2022 இல் 12.4 ஆக ஏறியது. பெற்றோர் ஓராண்டில் சோம்பேறிகளாகவோ உழைப்பாளிகளாகவோ மாறிவிடவில்லை. மாறியது விதி மட்டுமே.

நம் நாளில், நம் பகுதியில்

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் அதே ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாமே? அந்தக் கோடு நகர்ந்தது 2024 ஜூலை 15 அன்று, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில். ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளுக்கான காலை உணவு அங்கே தொடங்கி வைக்கப்பட்டது. நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 இல் வந்தது. 1920 இல் ஒரு பள்ளியில் ஓர் அணாவாகத் தொடங்கியது, நூறாண்டு கடந்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

கோடு பின்னுக்கும் நகர்வதுண்டு. சச்சார் குழு அறிக்கைக்குப் பின், 2008 முதல் சிறுபான்மை மாணவர்க்கு முதல் வகுப்பிலிருந்தே மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைத்து வந்தது. நம் மஹல்லாவில் பலர் அதைப் பெற்றார்கள். 2022-23 இல், எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்விச் சட்டமே உள்ளது என்ற காரணம் கூறி, 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நீக்கப்பட்டு, 9, 10 வகுப்புகளோடு அது சுருக்கப்பட்டது. தொகை சிறியதுதான். ஆனால் நோட்டுப் புத்தகமும் காலணியும் அதில்தான் வந்தன என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் வந்தபோது, தென்மாவட்டங்களிலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களின் பிள்ளைகளே நம்மில் பலர். இன்று பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருகிறார்கள். கட்டட வேலை, லேத் பட்டறை, பேக்கிங் கம்பெனி. ஒரே அறையில் குடும்பம். அவர்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. 2020 அக்டோபர் முதல் பிற மாநிலக் குடும்ப அட்டையைக் கொண்டும் தமிழக ரேஷன் கடையில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான தானியத்தைப் பெற வழி திறந்தது. ஆனால் இதை அவர்களுக்கு யார் சொல்வது?

நம்முடைய கோடு

இதுவரை அரசுகளின் விதிகளைப் பேசினேன். இனி நம் விதியைப் பேசியாக வேண்டும். இதில் குற்றம் முதலில் என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், அஸருக்குப் பின் ஒரு சகோதரி ஒன்பது, பத்து வயது மகனுடன் பள்ளிவாசல் வாயிலில் வந்து நின்றார். கணவர் விட்டுச் சென்றுவிட்டார். தாம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நூல் வெட்டும் வேலை செய்வதாகச் சொன்னார். பையனின் படிப்புக்கு ஜமாஅத்தின் கல்வி உதவி வேண்டும் என்றார். நம் விண்ணப்பத்தில் இரண்டு ஆவணங்கள் கேட்கிறோம்: மூன்றாண்டுச் சந்தா ரசீது, அல்லது சொந்த ஊர் ஜமாஅத்தின் கடிதம். அவரிடம் இரண்டும் இல்லை. வாடகை வீட்டுக்கு வந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. ஊர் ஜமாஅத்தோ கணவர் வழியினருடையது. அங்கே போய்க் கடிதம் கேட்கும் நிலையில் அவர் இல்லை. "கடிதம் வாங்கி வாருங்கள் அம்மா, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். விதியைச் சரியாகப் பின்பற்றினேன் என்றே அன்று நினைத்தேன்.

அவர் திரும்ப வரவில்லை. நான்கு மாதங்கள் கழித்துத் தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் அந்தப் பையனைக் கண்டேன். கையில் கண்ணாடிக் குவளைகள் அடுக்கிய கம்பித் தூக்கு. என்னைக் கண்டதும் ஸலாம் சொன்னான். "ஹஜ்ரத், டீ கொண்டு வரவா?" என்று கேட்டான். மறுநாள் நிர்வாகி ஒருவரை அழைத்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த சந்துக்குப் போனோம். வீடு காலி. எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

மதீனாவின் அந்தத் தாய், விதிக்கு ஏற்பத் தம் பிள்ளையை மாற்ற முயன்றார். நம் வாயிலுக்கு வந்த தாயால் அதுவும் முடியவில்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். கலீஃபா மறுநாள் காலையிலேயே விதியை மாற்றினார்கள். நாமோ இத்தனை ஆண்டுகளாக அதே விண்ணப்பத்தை அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜகாத் யாருக்குச் சேரும் என்பதை மார்க்கம் வரையறுத்துள்ளது. அந்த வரையறையில் நமக்குக் கைவைக்க உரிமையில்லை. ஆனால் சந்தா ரசீது என்ற நிபந்தனை மார்க்கம் விதித்ததன்று; நாம் விதித்தது. பொய் விண்ணப்பங்களைத் தடுக்கவே அது வைக்கப்பட்டது என்பதை அறிவேன். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு நாம் ரசீது கேட்பதில்லை. அஸருக்குப் பின் தூக்குவாளியோடு வருபவர் யாராயினும், எந்தச் சமயத்தவராயினும், ஊற்றி அனுப்புகிறோம். அதனால் எந்த ஆண்டும் நம் கஞ்சி அண்டா நொடித்துப்போகவில்லை. கஞ்சிக்கு உள்ள இந்தப் பெருந்தன்மை கல்விக்கும் இருக்கக் கூடாதா?

ஆகவே வரும் பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளைகளின் கல்வி உதவிக்குச் சந்தா ரசீதும் ஊர்க் கடிதமும் வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். நம் மஹல்லாவில் வசிப்பதும், பிள்ளை பள்ளியில் படிப்பதும் போதுமான தகுதியாகட்டும். ஐயம் இருந்தால் இருவர் வீட்டுக்குச் சென்று பார்த்து வரலாம். சரிபார்க்கும் பொறுப்பு நம்முடையதாக இருக்கட்டும். அந்தத் தாயின் தலையில் அதை ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது, ஞாயிறுதோறும் ளுஹருக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் படித்த இளைஞர்கள் இருவர் அமர வேண்டும். பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, அங்கன்வாடிப் பதிவு, வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்க 2025 இல் தமிழக அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' போன்ற திட்டங்கள் வரும்போது, தகுதியுள்ள பிள்ளை நம் தெருவில் இருக்கிறதா என்று தேடிச் செல்வதும் அவர்கள் பணியாகட்டும். நம் நிதியில் ஓராயிரம் கொடுப்பதைவிட, அரசிடமிருந்து உரிமையாக வரவேண்டியதை வாங்கிக் கொடுப்பது பல மடங்கு பயன் தரும்.

மூன்றாவது, மாலை மக்தபுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் பகலில் பள்ளிக்குப் போகிறதா என்பதை உஸ்தாதுமார்களும் நானும் கேட்டறிந்து, மாதம் ஒருமுறை நிர்வாகத்துக்குத் தெரிவிப்போம். இதை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். இதற்குத் தீர்மானம் தேவையில்லை.

இந்த மலரின் பின்பக்கங்களில் வரவு செலவுக் கணக்கு அச்சாகியிருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அதில் காணலாம். யார் வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதற்கு அதில் பத்தி இல்லை. அந்தக் கணக்கு வேறோர் ஏட்டில் எழுதப்படுகிறது. அதற்கும் நாம் பதில் சொல்ல வேண்டிய நாள் ஒன்று உண்டு.

கேட்டு வரும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாத ஜமாஅத்தாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! அந்தப் பையன் எங்கிருந்தாலும் அவனுக்கு நல்வாழ்வைத் தருவானாக! ஆமீன்.